நிகாட்டாவின் அரிசிப் பலகாரங்களும் திருவாரூர்த் திண்ணையும்

ஜப்பானின் நிகாட்டா நகருக்குப் படிக்கச் சென்ற முதல் வாரத்தில், விடுதிக்கு அருகில் இருந்த சூப்பர் மார்க்கெட்டின் நொறுக்குத் தீனி வரிசையில் கால் மணி நேரம் நின்றுவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பினேன். எல்லா உறைகளிலும் படம் இருந்தது. படம் சொல்லாததை எழுத்து சொன்னது. எழுத்தோ எனக்குத் தெரியாது. ஒன்றரை ஆண்டு கழித்து இந்தப் பொங்கலுக்குத் திருவாரூர் வந்தபோது, அதே வரிசையிலிருந்து பொறுக்கிய ஒன்பது உறைகளைக் கொண்டுவந்து வீட்டார் முன் பிரித்தேன். ஆகவே இந்த மதிப்பீட்டில் பாதி என்னுடையது. மீதி எங்கள் திண்ணையுடையது.

நிகாட்டா நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அன்று. ஷினானோ, அகானோ என்னும் இரண்டு ஆறுகள் கொண்டுவந்த வண்டலில் அமைந்த சமவெளி அது. கோஷிஹிகாரி அரிசிக்குப் பெயர் பெற்றது. பனிக்காலம் நீண்டது என்பதால் ஆண்டுக்கு ஒரு போகம்தான். குறுவை, தாளடி என்று நான் விளக்கியபோது அங்குள்ள நண்பர்கள் நம்பத் தயங்கினார்கள். அரிசிப் பலகாரம் செய்யும் பெரிய ஆலைகள் பலவும் அந்த மாகாணத்தில்தான் இருக்கின்றன. அதனால் கடையில் உருளைக்கிழங்கு சிப்ஸுக்கு ஒரு தட்டு என்றால், அரிசிக்கு மூன்று தட்டு.

நாம் சமைக்கும் சாதத்தைப் போன்ற சாதாரண அரிசியில் செய்வது சென்பே. ஒட்டும் அரிசியில் செய்வது ஒகாகி. அதையே சிறிதாகச் செய்தால் அராரே, அதாவது ஆலங்கட்டி. மாவை வேகவைத்துப் பிசைந்து, தட்டி, காயவைத்து, பெரும்பாலும் எண்ணெய்ச் சட்டிக்குப் போகாமல் அனலிலேயே சுட்டு எடுக்கிறார்கள். எனவே முறுக்கையும் தட்டையையும் மனத்தில் வைத்துக்கொண்டு வாயில் போடுபவர் ஏமாந்துபோவார்; மொட்டை மாடியில் காய்ந்த கூழ் வடாம்தான் இதற்குச் சரியான உறவு.

ஒன்பதில் முதலிடம் உப்புச் சென்பேவுக்கு. உள்ளங்கை அகலத்தில் வட்டமாக, மேலெல்லாம் சிறு கொப்புளங்களோடு, ஓரத்தில் மட்டும் லேசாகச் சிவந்திருக்கும். நான் வாங்கிய உறையில் அரிசி, தாவர எண்ணெய், உப்பு ஆகிய மூன்று பொருள்கள் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தன. சுட்டபின் எண்ணெயைத் தெளித்து உப்பைத் தூவுகிறார்கள். மென்று முடித்தபின் நாக்கில் மிஞ்சுவது வடித்த சோற்றின் இனிப்பு. பாட்டி பல் இல்லாததால் அதைக் காபியில் நனைத்து வாயில் போட்டு, சிறிது நேரம் கழித்து, "புது அரிசிடா இது" என்றார். உறையின் மேலும் ஏறக்குறைய அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

கரிந்தோ என்பது கோதுமை மாவைப் பொரித்துக் கருப்புச் சர்க்கரைப் பாகில் புரட்டியது. கலியாண வீட்டு மனோகரத்தை நினைவுபடுத்துகிறது. ஆனால் ஏலக்காயும் சுக்கும் இல்லாத மனோகரம். குழந்தைகள் தீர்த்துவிட்டார்கள்.

சுட்ட சூட்டிலேயே சோயா சாற்றில் ஊறவைத்த நுரே சென்பே மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை. நமுத்த அப்பளத்தைப் போல் வளைகிறது. நம் ஊரில் நமுத்தது என்றாலே குப்பைக்குத்தான். இருந்தாலும் அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. சீபா மாகாணத்தில் சோஷி என்னும் ஊரின் சிறிய ரயில் நிறுவனம் 1995 முதல் இதை விற்று வருகிறது. 2006இல் வண்டியைப் பழுதுபார்க்கப் பணம் இல்லாதபோது, இதை வாங்கி உதவுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டு, ஓட்டத்தை நிறுத்தாமல் காப்பாற்றிக்கொண்டது. மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயிலை 1986இல் நிறுத்தியபோது, கைமுறுக்கு விற்றாவது அதை ஓட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இனி மனத்தாங்கல். எங்கள் அத்தை முட்டைகூடத் தொடாத சைவம். மீனைக் குறிக்கும் எழுத்தை நான் முன்பே பழகியிருந்தேன்: மேலே ஒரு கொக்கி, நடுவே வயலைக் குறிக்கும் அதே நான்கு கட்டம், அடியில் நான்கு துளி. அந்த எழுத்து இல்லாத உறைகளாகப் பார்த்துத்தான் எடுத்தேன். ஆனால் ஜப்பானியர்கள் ஒரே சொல்லை வெவ்வேறு வகை எழுத்துகளில் எழுதுவார்கள் என்பதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. சோயா பூசிய ஓர் அராரேயில் 'கட்ஸுவோ' என்பது ஒலியெழுத்தில் மட்டும் இருந்தது. நம் மாசிக் கருவாட்டுக்கு உரிய அதே சூரை மீன்தான் அது. சந்தேகம் வந்து கைப்பேசியின் கேமராவைக் காட்டி மொழிபெயர்ப்பதற்குள் அத்தை ஒரு கைப்பிடி தின்று முடித்திருந்தார். ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்துபோய்க் கொல்லைக் குழாயில் வாயைக் கொப்பளித்தார். அன்று இரவு சாப்பிடவில்லை.

தவறு என்னுடையது என்றாலும், அரிசிப் படத்தை மட்டும் முன்பக்கம் போட்டு மீன் சாற்றைப் பின்பக்கப் பொடி எழுத்தில் வைக்கும் நிறுவனத்தின் மேல் வருத்தம் இல்லாமல் இல்லை. முட்டை, பால், கோதுமை, வேர்க்கடலை, இறால், நண்டு போன்ற சில ஒவ்வாமைப் பொருள்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. கட்ஸுவோ அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. ஆகையால் ஒவ்வாமைக் கட்டத்தைப் பார்த்து நிம்மதி அடையாமல், அளவில் மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதப்படும் மூலப்பொருள் பட்டியலை இறுதிவரை படிக்க வேண்டும். சைவர்களை ஏமாற்றுவது பெரும்பாலும் அதன் கடைசி வரிதான். சோயா பூசிய எதையும் நான் இப்போது வீட்டுக்கு வாங்குவதில்லை.

விலை ஓர் உறைக்குச் சுமார் 150 முதல் 300 யென் வரை. சீட்டில் இரண்டு விலை இருக்கும். உணவுக்கான 8 சதவீத வரி சேர்ந்த பெரிய தொகைதான் நாம் கொடுக்க வேண்டியது. பெட்டியில் வைக்கும்போது துணிகளுக்கு நடுவே படுக்கவைத்தும் மூன்றில் ஒரு சென்பே உடைந்துதான் வந்தது. பாட்டிக்கு அது வசதியாகப் போயிற்று.