டு லிவ் (1994) – டிவிடி விமர்சனம்

பிரசவ வார்டில் இருபது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். சீன இயக்குநர் ஜாங் யிமோவின் இந்தப் படத்தில் அந்த ஆஸ்பத்திரிக் காட்சி வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

மாவோ ஆட்சியில் படித்தவர்களை வேட்டையாடிய கலாச்சாரப் புரட்சிக் காலம். கதாநாயகனின் வாய் பேசாத மகள் ஃபெங்ஷியாவுக்குப் பிரசவ வலி. மூத்த டாக்டர்களையெல்லாம் பிற்போக்காளர்கள் என்று அடைத்துவிட்டார்கள். வார்டில் இருப்பது மாணவிகள் மட்டும். பயந்துபோன குடும்பம் அடைக்கப்பட்ட டாக்டர்களில் ஒருவரான பேராசிரியரை எப்படியோ அழைத்து வருகிறது. பட்டினி கிடந்த மனிதர், வாங்கிக் கொடுத்த பன்களை அவசரமாகத் தின்று, தண்ணீரும் குடித்து, வயிறு உப்பி அசையமுடியாமல் கிடக்கிறார். குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கு. அந்தப் பெண்கள் "எங்களுக்குத் தெரியாது" என்று அலறுகிறார்கள். அனுபவமுள்ள ஒரு கை இருந்தால் அவள் பிழைத்திருக்கலாம். மனசு ஆறவில்லை.

வீட்டு இரும்புச் சாமான்களையெல்லாம் நாட்டுக்காக உருக்கச் சொன்ன 1958-ஆம் வருடமும் வருகிறது. ஆனால் படம் கோஷங்களோடு நிற்காமல், கதாநாயகன் கூத்துக்கு வைத்திருக்கும் தோல்பாவைப் பெட்டியின் பின்னாலேயே போகிறது. பாவைகள் எரிக்கப்பட்ட பிறகும் பெட்டி மிஞ்சுகிறது. கடைசியில் அதில் கோழிக்குஞ்சுகள். கதாநாயகனாக நடித்த கெ யோவுக்கு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது நியாயமே. மனைவியாக வரும் கோங் லியும் அவருக்குச் சளைத்தவரல்ல. சீனாவில் படத்தைத் தடை செய்தார்கள்.

சரி, டிவிடி. எனக்கு வந்த பிரதியில் சப்டைட்டில் சில இடங்களில் பிந்தி வருகிறது. ஆனாலும் வாங்குங்கள். இரவில் தனியாகப் பார்க்க வேண்டாம்.