ஒழுங்கை வாசலில் தொடங்கிய கோடு: நடைச் செயலியோடு மூன்று ஆண்டுகள்

2022இல் இலங்கையில் பெற்றோலுக்கான வரிசைகள் நீண்டுகிடந்த நாட்களில்தான் நானும் அம்மாவும் விடியற்காலையில் நடக்கத் தொடங்கினோம். அம்மாவுக்குச் சலரோகம். நடையைக் கணக்கிட இருவரும் ஒரே செயலியைக் கைப்பேசியில் ஏற்றினோம். அதையே மூன்று ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறோம்.

காலடிகளை எண்ணக் கைப்பேசியிலுள்ள அசைவு உணரிகளே போதும். நாம் எங்கே நிற்கிறோம் என்பது அதற்குத் தேவையே இல்லை. ஆனால் அந்தச் செயலி முதல் நாளே இருப்பிட அனுமதியைக் கேட்டது, மறுத்தால் திறக்க மறுத்தது. கேள்வி ஆங்கிலத்தில் இருந்தது. "பிள்ளை, இதில் எதை அழுத்துவது?" என்று அம்மா கைப்பேசியை நீட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்தேன். அந்த அவசரம் என்னுடையது மட்டுமல்ல என்று இப்போது நினைக்கிறேன். பயன் என்னவென்று தெரியுமுன்பே கேட்கப்படும் கேள்விக்கு யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை.

எட்டு மாதங்களின் பின் ரொறன்ரோவிலிருந்து பெரியம்மாவின் மகன் அழைத்தார். "சின்னம்மா ஒவ்வொரு நாளும் ஐந்தே காலுக்கு வீட்டிலிருந்து புறப்படுகிறாரா?" என்று கேட்டார். அம்மா நடந்த பாதைகள் எல்லோரும் பார்க்கும்படி வரைபடத்தில் கிடந்தன. எங்கள் வீடு எந்நேரம் வெறுமையாக இருக்கும் என்பதை முன்பின் தெரியாதவரும் அறியலாம்.

சோதனைச் சாவடிகளில் எங்கிருந்து வருகிறோம், எங்கே போகிறோம் என்று பல ஆண்டுகள் பதில் சொன்னவர் அம்மா. அன்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை: "அங்கே ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். இது ஒருமுறை கேட்டுவிட்டு என்றைக்கும் எழுதுகிறது."

செயலியின் அமைப்புகளுக்குள் ஐந்து திரைகள் தாண்டித் தேடியபோது, வீட்டைச் சுற்றி 200 மீற்றர் வட்டத்தை மறைக்கும் வசதி கிடைத்தது. நிம்மதியாக இருந்தது, வரைபடத்தைப் பார்க்கும் வரை. எங்கள் ஒழுங்கைக்கு ஒரே வாசல். வட்டம் அந்த வாசலோடு முடிகிறது. ஒவ்வொரு கோடும் சரியாக அங்கேயே தொடங்குகிறது. அகலமான வீதிகள் நாற்புறமும் ஓடும் நகரத்தை மனதில் வைத்துச் செய்த பாதுகாப்பு, யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் ஒழுங்கைக்குள் வீட்டைக் கைநீட்டிக் காட்டுகிறது. 2018இல், உடற்பயிற்சியைப் பதியும் ஸ்ட்ராவா செயலியின் வெப்ப வரைபடம் (பயனர்கள் சென்ற பாதைகளை ஒளிரக் காட்டும் படம்) இராணுவத் தளங்களைக்கூடக் காட்டிக்கொடுத்ததை நினைத்தால், ஒரு முதியவரின் வீடு எம்மாத்திரம்?

கைப்பேசியின் இயங்குதளம் இதைவிடப் பொறுப்பாக வளர்ந்திருக்கிறது. பயன்படுத்தும்போது மட்டும் இருப்பிடம் தரும் தெரிவு ஆண்ட்ராய்டு 10இல் வந்தது. 'இந்த முறை மட்டும்' என்பது 11இல், துல்லியமின்றிப் பகுதியை மட்டும் தருவது 12இல். எங்களுக்கு உண்மையில் உதவியது 12இல் வந்த தனியுரிமைப் பலகைதான். எந்தச் செயலி எந்நேரம் இருப்பிடத்தை, ஒலிவாங்கியை, கமராவைத் தொட்டது என்பதை நேர வரிசையில் காட்டுகிறது. நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு, அம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது, நடைச் செயலி இருப்பிடத்தை எடுத்திருந்தது. நான் பத்து முறை விளக்கியும் புரியாதது அந்த ஒரு வரியில் அவருக்குப் புரிந்தது. அன்றே தன் விரலாலேயே அனுமதியை மாற்றினார்.

இப்படிப்பட்ட செயலிகளை வடிவமைப்பவர்களிடம் நான் கேட்பதும் இதுதான்: அனுமதி கேட்கும் பெட்டியை அழகாக்குவதைவிட, எடுத்ததைக் காட்டுங்கள். ஒரு வாரம் கழித்து, எங்கள் மொழியில், "இவ்வளவு எடுத்தோம், தொடரலாமா?" என்று கேளுங்கள். அந்நியர் கண்ணுக்கு என் பக்கம் எப்படித் தெரிகிறது என்பதை ஒரே தொடுகையில் பார்க்க விடுங்கள். 'கோயிலுக்குப் போகும்போது வேண்டாம்', 'கிளினிக்குப் போகும்போது வேண்டாம்' என்று அம்மா சொல்வார். செயலி திறந்திராதபோதும் இருப்பிடத்தை எடுப்பதை 'பின்னணி இருப்பிடம்' என்று அவர் ஒருநாளும் சொல்ல மாட்டார்.

கடந்த ஆண்டு வந்த புதுப்பிப்பில் இருப்பிடம் இல்லாமலும் காலடி எண்ண முடிகிறது. அம்மா அப்படியே பயன்படுத்துகிறார். கணக்கில் ஒரு குறையும் இல்லை. பழைய எட்டு மாதப் பாதைகளைத்தான் மொத்தமாக அழிக்க வழியில்லை. ஒவ்வொரு நடையையும் திறந்து, அழிக்கவா என்ற கேள்விக்கு இரண்டு முறை ஆம் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அமர்ந்து அழிக்கிறோம். இன்னும் இரண்டு மாத நடைகள் மீதமிருக்கின்றன.