அரபு கோப்பையா, கல்ஃப் கப்பா? நேரில் போய்ப் பார்க்க எது?

குவைத்தில் வேலை பார்க்கும் கால்பந்துப் பிரியர்களுக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். லீவும் குறைவு, செலவழிக்கும் காசும் குறைவு. இரண்டில் ஒரு போட்டியைத்தான் மைதானத்தில் உட்கார்ந்து பார்க்க முடியும். 2025 டிசம்பரில் கத்தாரில் அரபு கோப்பை நடந்தபோது நண்பர்கள் சிலர் கிளம்பிப் போனார்கள். நான் போகவில்லை. அந்தப் பணத்தைக் கல்ஃப் கப்புக்கு என்று எடுத்து வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்காக இந்த ஒப்பீடு.

முதலில், எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அரபு நாடுகள் மோதும் அரபு கோப்பையில் 16 அணிகள், வளைகுடா நாடுகளோடு ஈராக்கும் யேமனும் ஆடும் கல்ஃப் கப்பில் 8. அரபு கோப்பை இப்போது ஃபிஃபாவின் போட்டி. பரிசுப் பணம் அதிகம், உலகக் கோப்பைக்குக் கட்டிய மைதானங்கள், பெரும்பாலான இடங்களில் வாசல் வரை மெட்ரோ. குவைத்தில் மெட்ரோவே கிடையாது. ஜாபர் அல் அஹ்மத் மைதானத்தில் ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தை விட்டு வெளியே வருவதற்கே தனிப் பொறுமை வேண்டும். வசதிதான் முக்கியம் என்றால் தோஹாவுக்கே போங்கள், அதில் பேச்சுக்கே இடமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: மைதானத்தில் இறங்கும் பதினோரு பேர் அந்த நாட்டின் உண்மையான அணிதானா?

இரண்டு போட்டிகளும் பெரும்பாலும் ஃபிஃபாவின் சர்வதேசத் தேதிகளுக்கு வெளியேதான் நடக்கின்றன. அதனால் ஐரோப்பிய கிளப்புகள் தங்கள் ஆட்டக்காரர்களை விட வேண்டிய கட்டாயம் இல்லை. இது வட ஆப்பிரிக்க அணிகளைத்தான் பலமாக அடிக்கிறது. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா அணிகளின் முதுகெலும்பே ஐரோப்பாவில் ஆடுபவர்கள்தான். அதோடு ஆப்பிரிக்கக் கோப்பை வேறு பக்கத்திலேயே வந்து நிற்கும். 2025-ல் அரபு கோப்பை இறுதி ஆட்டம் டிசம்பர் 18. மொராக்கோவிலேயே ஆப்பிரிக்கக் கோப்பை தொடங்கியது டிசம்பர் 21. ஆக, கத்தாரின் லுசைல் மைதானத்தில் ஜோர்டானைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கிய மொராக்கோ அணிக்குப் பயிற்சியாளர் தாரிக் செக்தியூய். நட்சத்திர ஆட்டக்காரர் ஹகீமி இருந்த முதன்மை அணியை வாலித் ரெக்ராகுய் தனியாகத் தயார் செய்துகொண்டிருந்தார்.

2021-லும் இதே கதைதான். அல்ஜீரியா தன் நட்சத்திர ஆட்டக்காரர் மஹ்ரெஸ் இல்லாமல், மஜீத் பூகெர்ராவின் பயிற்சியில் வந்து, இறுதியில் துனிசியாவை 2-0 என்று வென்றது. அடுத்த மாதமே கேமரூனில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பைக்கு மஹ்ரெஸோடு முதன்மை அணி போனது. மூன்று ஆட்டத்தில் ஒன்றில்கூட ஜெயிக்காமல் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அரபு கோப்பையில் ஆடிய சிலர் அங்கேயும் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் டிசம்பரில் பார்த்ததை வைத்து ஜனவரியைப் பற்றி எதுவும் சொல்ல முடியவில்லை. டிக்கெட், விமானம், ஹோட்டல் என்று செலவு செய்து போகிற எனக்கு இது உறுத்துகிறது.

வளைகுடா அணிகளில் இந்தச் சிக்கல் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் உள்நாட்டு லீக்கிலோ பக்கத்து நாட்டு லீக்கிலோதான் ஆடுகிறார்கள். நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்பு கேட்டால் கிளப் விட்டுவிடும். குவைத்தில் 2024 டிசம்பர் முதல் 2025 ஜனவரி வரை நடந்த கலீஜி 26-ல், அதாவது 26-வது கல்ஃப் கப்பில், நான் பார்த்த பஹ்ரைன், 2024 செப்டம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 1-0 என்று சாய்த்த அதே பஹ்ரைன்தான். பயிற்சியாளர் டிரகன் தலாயிச் எந்த அணியை நம்பினாரோ அதே அணி.

நேர்மையாகச் சொன்னால் இதிலும் ஓட்டை உண்டு. 2023 ஜனவரியில் பஸ்ராவில் நடந்தபோது சவூதியும் கத்தாரும் முழு அணியை அனுப்பவில்லை. உலகக் கோப்பை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஆகவே கல்ஃப் கப் என்றாலே முதன்மை அணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். டிக்கெட் வாங்குமுன் அறிவிக்கப்பட்ட அணிப்பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பகை. நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன். அரபு கோப்பை 1963-ல் பெய்ரூத்தில் தொடங்கினாலும் 1966-க்குப் பிறகு 1985 வரை நடக்கவே இல்லை. 2002-க்குப் பிறகு 2012 வரை இன்னொரு இடைவெளி, அதன்பின் 2021 வரை மற்றொன்று. கல்ஃப் கப் 1970-ல் பஹ்ரைனில் தொடங்கியதிலிருந்து இவ்வளவு நீளமாக எப்போதும் நின்றதில்லை. அதனால் கணக்குகள் தீராமல் இருக்கின்றன. முதல் போட்டியை நடத்திய பஹ்ரைனுக்கு முதல் கோப்பை கிடைக்க 2019 வரை, 49 ஆண்டுகள் ஆயின. அதுவும் தோஹாவில், சவூதியை 1-0 என்று வென்று. அண்டை நாடுகள் கத்தார் மீது போட்ட தடை நடப்பில் இருந்த காலம் அது. சவூதி, அமீரகம், பஹ்ரைன் மூன்றும் முதலில் வரமாட்டோம் என்றிருந்து, பிறகு மனம் மாறி வந்தன. அந்தப் போட்டியில் கத்தார் அமீரகத்தை 4-2 என்று வென்ற இரவில் வெறும் மூன்று புள்ளிகள் மட்டும் பேசப்படவில்லை.

குவைத்துக்காரர்களுக்கோ இது சொந்த வீட்டு விஷயம். மொத்தம் 10 முறை கோப்பை வென்றவர்கள். கடைசியாக வென்றது 2010-ல். அடுத்த இடத்தில் இருக்கும் ஈராக் 4 முறைதான். 2017-ல் குவைத் மீதான ஃபிஃபா தடை நீங்கிய சில வாரங்களிலேயே இந்தப் போட்டியை இங்கே நடத்திக் காட்டினார்கள். 1970-களில் ஜாசிம் யாகூப் அடித்த கோல்களைப் பற்றி இன்றும் திவானியா எனப்படும் குவைத்து வீட்டு அரட்டைக் கூடங்களில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்கலாம். கலீஜி 26 அரையிறுதியில் பத்துப் பேரோடு ஆடிய பஹ்ரைனிடம் குவைத் 0-1 என்று தோற்றபோது எங்கள் வரிசையில் இருந்தவர்கள் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

அதே போட்டியில்தான் யேமன் தன் முதல் கல்ஃப் கப் வெற்றியைப் பெற்றது. 2003-ல் சேர்ந்த அணி, இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்து பஹ்ரைனை 2-1 என்று வென்றது. பஹ்ரைன் அதற்குள் அரையிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டதால் பலரை உட்கார வைத்திருந்தது உண்மை. இருந்தாலும் யேமன் ரசிகர்களுக்கு அதனால் ஒரு கோல்கூடக் குறையவில்லை. தோற்ற பஹ்ரைனோ ஒரு வாரம் கழித்து இறுதியில் ஓமானை அதே 2-1 கணக்கில் வென்று கோப்பையை எடுத்துப் போனது.

அரபு கோப்பைக்கு என்ன பலம் என்று கேட்டால், எனக்குத் தொலைக்காட்சி அனுபவம் மட்டும்தான். அதை மனதில் வைத்துப் படியுங்கள். 2021 காலிறுதியில் மொராக்கோவுக்கு எதிராக அல்ஜீரியாவின் யூசுஃப் பெலாய்லி வெகு தூரத்திலிருந்து அடித்த கோலைப் போல ஒன்றை நான் எந்தக் கல்ஃப் கப்பிலும் பார்த்ததில்லை. 2025 தொடக்க நாளில் பாலஸ்தீனம் கத்தாரை 1-0 என்று வென்றபோது அரங்கில் எழுந்த சத்தம் திரை வழியாகவே உலுக்கியது. எகிப்து, சூடான், மக்ரிப் (மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா பக்கம்) என்று இத்தனை நாட்டு ரசிகர்களை ஒரே ஊரில் பார்ப்பது கல்ஃப் கப்பில் நடக்காது. நேரில் அது எப்படி இருக்கும் என்று போய் வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் எல்லோரும் மகிழ்ச்சியாகத்தான் திரும்பினார்கள்.

கத்தாரிலேயே வேலை பார்ப்பவர் என்றால் இந்தக் கணக்கே மாறிவிடும். விமானச் செலவு இல்லை, லீவு போட வேண்டியதில்லை, வேலை முடிந்து மெட்ரோவில் ஏறினால் போதும். 2029, 2033 அரபு கோப்பைகளும் அங்கேதான் என்று ஃபிஃபா அறிவித்திருக்கிறது. அவர்கள் தாராளமாக அதைப் பார்க்கலாம். அதிலும் ஆசிய அணிகள் மோதும் ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். ஜோர்டான், ஈராக், சவூதி ஆகியவை கிட்டத்தட்ட முழு பலத்தோடு வரும் வாய்ப்பு அதிகம். குவைத், மஸ்கட், மனாமா பக்கம் இருந்து காசு கொடுத்துப் பயணம் செய்பவருக்கு என் ஓட்டு கல்ஃப் கப்புக்குத்தான். முழுப் போட்டிக்கும் லீவு கிடைக்காவிட்டால் குழுச் சுற்றின் கடைசி நாளுக்குப் போங்கள். நான்கு அணிகளில் இரண்டுதான் மேலே போகும் என்பதால் அன்றைக்குப் பெரும்பாலும் யாராவது ஓர் அணிக்கு அது வாழ்வா சாவா ஆட்டமாக இருக்கும்.