ஃபாக்ஸ்ட்ராட் நடையா, ரும்பா நடையா?

ஜோடியாக ஆடும் பால்ரூம் நடனத்தில் நடப்பதையே புதிதாகக் கற்க வேண்டும். அதில் ஃபாக்ஸ்ட்ராட், ரும்பா என்ற இரு நடனங்களில் எதன் நடையை முதலில் கற்பது? ஃபாக்ஸ்ட்ராட்டில் முன்னே போகும் கால் குதிகாலில் இறங்கும், அப்புறம்தான் பாதம் படியும். தெருவில் நடப்பது போலத்தானே என்று தோன்றும். சரி, பாதி அடியில் நின்று பாருங்கள்: முன்காலின் குதிகாலும் பின்காலின் முன்பாதமும் மட்டுமே தரையில், உடல் எடை நடுவில். தள்ளாடாமல் நிற்க எனக்குப் பல வாரம் ஆனது.

சர்வதேசப் பாணி ரும்பாவில் இது தலைகீழ். முன்பாதம் தரையை உரசிக்கொண்டே போகும், குதிகால் பிறகே இறங்கும். எடை ஏறும்போது முழங்கால் நேராக நிற்க வேண்டும். இடுப்பசைவு அதிலிருந்து வரும். வலிந்து ஆட்டினால் பார்க்கச் சகிக்காது. இசையின் நான்கு தட்டுகளில் அடிகள் 2, 3, 4-ல். 1-ல் கால் நகராது, இடுப்பு மட்டும் அசையும். என்னைக் கேட்டால், முதலில் கற்க வேண்டியது ஃபாக்ஸ்ட்ராட் நடை.