அம்மா இறந்த பிறகு வந்த வக்கீல் பில்: கட்டிவிடுவதா, கேட்பதா, எதிர்ப்பதா?

அம்மா இறந்த மூன்றாவது மாதம் அந்த உறை வந்தது. வங்கிக் கடிதமாக இருக்கும் என்று நினைத்து நின்றபடியே பிரித்தேன். அம்மாவின் சொத்து வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த வக்கீல் அலுவலகத்தின் பில். "தொழில்முறைச் சேவைகளுக்காக" என்று ஒரே ஒரு வரி. எதிரே நாங்கள் யாருமே எதிர்பார்க்காத தொகை. அம்மாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று அச்சடித்திருந்தார்கள். அந்தச் சொல்லில்தான் என் கண் முதலில் நின்றது. தொகையை அப்புறம்தான் பார்த்தேன்.

போனில் அண்ணன், "கட்டிடலாம்மா, அம்மா பேர்ல பாக்கி நிக்க வேண்டாம்" என்றார். தங்கை, "அக்கா, ஒரு பைசா கொடுக்காதே, நாம கேட்கவே இல்லையே" என்றாள். இரண்டு பேருக்கும் அம்மா மேல் இருந்த அன்புதான் அப்படிப் பேச வைத்தது. ஆனால் இரண்டுமே அவசர முடிவுகள். இப்படி ஒரு பில் கையில் வந்தவருக்கு உண்மையில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதற்கு என்ன விலை என்பதை அதற்கப்புறம் பல வாரம் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: இது யாருடைய பில்?

பெற்றவர் உயிரோடு இருந்தபோது அவரே கேட்டுச் செய்த வேலை என்றால் அது அவருடைய கடன். உயிலை நிறைவேற்றவும் சொத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்றவும் செய்த வேலை என்றால் அது சொத்தின் செலவு. பிள்ளைகளில் ஒருவர் தனக்காக ஆலோசனை கேட்டிருந்தால் அது அவருடைய சொந்தச் செலவு. ஒரே பில்லில் மூன்றும் கலந்து வருவது உண்டு. எங்களுக்கு வந்ததும் அப்படித்தான்.

முதல் வகையைப் பற்றி நம்மிடம் ஒரு பழைய பயம் இருக்கிறது, பெற்றவர் கடன் பிள்ளை தலையில் என்று. இந்தியாவில் அப்படி இல்லை. இறந்தவரின் கடனுக்காக வாரிசின் மேல் தீர்ப்பு வந்தாலும், வாரிசு கைக்கு வந்த இறந்தவரின் சொத்து அளவுக்குத்தான் அதை வசூலிக்க முடியும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். தந்தையின் கடனை மகன் தீர்ப்பது புனிதக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டையும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் அதற்குப் பிந்தைய கடன்களுக்கு நீக்கிவிட்டது. இங்கிலாந்திலும் கடன் சொத்தோடு நிற்கும். ஜெர்மனியில் கதை வேறு. அங்கே சொத்தோடு கடனும் வாரிசுக்கு வந்துவிடும். வேண்டாம் என்றால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து பொதுவாக 6 வாரத்துக்குள் முறைப்படி மறுக்க வேண்டும். பிரான்ஸில் முழுதாக ஏற்கலாம், சொத்தின் அளவுக்கு மட்டும் ஏற்கலாம், அடியோடு மறுக்கலாம். ஆகவே பெற்றவரின் சொத்து எந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் எந்த வழியிலும் இறங்க வேண்டாம்.

உடனே கட்டுவதும் விவரம் கேட்பதும்

உடனே கட்டுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது, மறுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவருக்கு இன்னொரு கடிதப் போக்குவரத்து வேண்டாம். தொகை சின்னது, வேலை நடந்தது உங்களுக்கே தெரியும் என்றால் கட்டிவிடுங்கள்.

மற்றபடி இதற்கு இரண்டு விலை உண்டு. கைக்காசைப் போட்டுக் கட்டினால் அதைச் சொத்திலிருந்து திரும்ப எடுக்க உடன்பிறந்தவர்களிடம் கணக்கு சொல்ல வேண்டியிருக்கும். பணம் கொடுத்த பிறகு கேள்வி கேட்கும் வலுவும் குறைந்துவிடும். இங்கிலாந்தில் இது சட்டத்திலேயே இருக்கிறது: பில் கைக்கு வந்து 1 மாதத்துக்குள் கேட்டால் அதை நீதிமன்றம் பரிசீலித்தே ஆக வேண்டும் என்ற உரிமையை அங்குள்ள வக்கீல்களுக்கான 1974 சொலிசிட்டர்கள் சட்டம் தருகிறது. பணம் கட்டிவிட்டால் சிறப்புக் காரணம் காட்ட வேண்டும். கட்டி 12 மாதம் ஆகிவிட்டால் அந்தச் சட்டம் தரும் வழியும் மூடிவிடும்.

விவரம் கேட்பதற்கு ஒரு கடிதம் போதும். வக்கீலை அமர்த்தியபோது போட்ட ஒப்பந்தக் கடிதத்தின் நகல், எந்தத் தேதியில் யார் என்ன வேலை செய்தார், எவ்வளவு நேரம், என்ன வீதம், நீதிமன்றக் கட்டணம் தனியாக, வரி தனியாக. இவ்வளவுதான் கேட்டேன். பத்து நாளில் நான்கு பக்கம் வந்தது.

அந்த நான்கு பக்கத்தை இரவு சாப்பாட்டு மேசையில் வைத்து, என் போனில் இருந்த அழைப்புப் பட்டியலோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். மணிக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் அலுவலகங்கள் பல, ஒரு மணி நேரத்தை 6 நிமிடத் துண்டுகளாகப் பிரித்துத்தான் கணக்கெழுதுகின்றன. இரண்டு நிமிடம் பேசினாலும் ஒரு துண்டு. அம்மாவின் இறப்புச் சான்றிதழ் வந்து சேர்ந்ததா என்று ஒரே வாரத்தில் நான்கு முறை கூப்பிட்டிருந்தேன். நான்கும் பில்லில் இருந்தன. நியாயம்தான், கூப்பிட்டது நான். ஆனால் ஒரே சந்திப்புக்கு இரண்டு பேரின் நேரம் போட்டிருந்தார்கள். அறையில் இருந்தது ஒருவர். வேறொரு வரியில், என் தங்கை தன் வீட்டு ஒப்பந்தம் பற்றிக் கேட்ட ஆலோசனை அம்மாவின் கணக்கில் ஏறியிருந்தது.

இந்த இரண்டையும் குறித்து அனுப்பினேன், குரல் உயர்த்தவில்லை. இரட்டிப்பு வரியை எடுத்துவிட்டார்கள். தங்கையின் வரி தனி பில்லாகப் பிரிந்து அவள் பெயருக்குப் போனது. அவள் அதைக் கட்டினாள்.

மணிக்கணக்கு இல்லாத பில்லில் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். ஒட்டுமொத்தக் கட்டணம் என்றால், எந்த வேலை அதில் அடக்கம், எது அடக்கமில்லை என்று பாருங்கள். சதவீதம் என்றால், எதன் மேல் சதவீதம் என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் உயில் நீதிமன்ற வேலைக்குச் சட்டமே விகிதம் வகுத்திருக்கிறது: முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, அதற்கடுத்த 8 லட்சத்துக்கு 2. இதில் வீட்டின் முழு மதிப்புதான் கணக்கு, அடமானக் கடனைக் கழிப்பதில்லை. வீட்டின் பாதி வங்கிக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பம் அங்கேதான் அதிர்ந்துபோகிறது.

சொத்திலிருந்து கட்டுவதும் பிள்ளைகள் பங்கு போடுவதும்

பில் சரி என்று தெரிந்தால், யார் பணத்தில்? சொத்திலிருந்து என்பதுதான் என் பதில், கொஞ்சம் தாமதமானாலும். பங்கு போட்டுக் கட்டினால் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பேச்சு பல ஆண்டு ஓடும். சொத்தில் கையிருப்புப் பணமே இல்லை, எல்லாம் வீடும் நிலமும் என்றால் மட்டும் பங்கு போடலாம், அல்லது வீடு விற்கும் வரை தவணை கேட்கலாம். தவணை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சொத்திலிருந்து கட்டும்போது வரிசை முக்கியம். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, நியாயமான இறுதிச் சடங்குச் செலவையும் கடைசிக் கால மருத்துவச் செலவையும் முதலில் வைக்கிறது. உயில் மெய்ப்பிப்பு (உயில் செல்லும் என்று நீதிமன்றத்தில் உறுதி பெறுவது) போன்ற சட்ட நடவடிக்கைச் செலவு அடுத்தது. மற்ற கடன்கள் அதற்குப் பின்னால். கடனைத் தீர்க்காமல் வாரிசுகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்ட நிறைவேற்றுநர் (உயிலில் சொன்னதை நடத்திக்கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர்), பற்றாக்குறைக்குத் தானே பொறுப்பாக வேண்டி வரலாம். அண்ணன்தான் எங்கள் வீட்டில் நிறைவேற்றுநர். இதைச் சொன்ன பிறகுதான் அவர் அவசரப்படுவதை நிறுத்தினார்.

எதிர்ப்பதும் பேசாமல் இருப்பதும்

பேசியும் சரிவரவில்லை என்றால் எதிர்க்கலாம். அதற்கு நாட்டுக்கு நாடு கதவு வேறு. இங்கிலாந்தில் சட்டச் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். கலிஃபோர்னியாவில் கட்டணத் தகராறைக் கட்சிக்காரர் நடுவரிடம் கொண்டுபோனால் வக்கீல் வந்தே ஆக வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். போக முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்துவிட்டது. தொழில் ஒழுங்கு மீறல் என்றால், வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பான மாநில பார் கவுன்சில். தொகை மட்டும்தான் தகராறு என்றால் உரிமையியல் நீதிமன்றம். வக்கீல் வழக்குப் போட்டு, எதிர்கொள்ள வேண்டியவர் பெண்ணாக இருந்தால், வருமானம் எவ்வளவானாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச உதவி கேட்கலாம்.

"பாக்கியைக் கட்டினால்தான் ஃபைல்" என்று சொன்னாலும் பதறாதீர்கள். பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கோப்பைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் பொதுவாக அந்த உரிமை உண்டு.

பேசாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். பணம் கேட்கும் வழக்குக்கு இந்தியாவில் 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6 ஆண்டு காலக்கெடு என்பது உண்மை. அதை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பெற்றவர் பெயரில் இந்தியாவில் உரிமையியல் வழக்கு நடந்துகொண்டிருந்தால், அவர் இறந்த 90 நாளுக்குள் வாரிசுகளை வழக்கில் சேர்க்க மனுப் போட வேண்டும். இல்லையென்றால் அவர் அளவில் வழக்கு அற்றுப்போகும். அவர் கொடுத்த வக்காலத்தும் இறப்போடு முடிந்துவிடுகிறது. பில் தகராறில் வக்கீலோடு பேச்சே இல்லாமல் 90 நாள் ஓடினால், போவது பில் தொகையை விடப் பல மடங்கு பெரிய சொத்து. பில்லைப் பற்றிச் சண்டை போடுங்கள், வழக்கின் தேதியைக் கேட்டுக்கொண்டே சண்டை போடுங்கள்.

பதில் எழுதும்போது ஒரு வரியில் கவனம் வேண்டும். "பாக்கியைக் கட்டிவிடுகிறோம், கொஞ்சம் பொறுங்கள்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது கடனை ஒப்புக்கொண்டதாகும். காலக்கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடும். நான் எழுதியது இப்படி: "தங்கள் பில் கிடைத்தது. விவரப் பட்டியலும் ஒப்பந்த நகலும் வந்த பிறகே இதைப் பரிசீலிக்க முடியும். இக்கடிதம் எந்தத் தொகையையும் ஒப்புக்கொள்வதாகாது." நகல் அண்ணனுக்கும் தங்கைக்கும் அன்றே போனது.