சீனி டப்பாவும் எண்ணெய்த் தூக்கும்

பத்து மாதத்துக்கு முன்பு வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். சர்க்கரை 108, இன்சுலின் 18. இரண்டையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் வருவதை ஹோமா எண் என்கிறார்கள். இன்சுலினின் சொல்லுக்கு உடம்பு இணங்க மறுப்பதை, அதாவது இன்சுலின் எதிர்ப்பை, அளக்கும் எண் அது; ஏற ஏற மோசம். எனக்கு 4.8. மருத்துவர் அந்தத் தாளில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை. ஆனால் உங்கள் கணையம் மாடு மாதிரி உழைத்துத்தான் இந்த 108ஐப் பிடித்து வைத்திருக்கிறது" என்றார். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, முதல் படி. இடுப்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு வைத்திருக்கும் எல்லை 90.

அன்று மாலையே சீனி டப்பா பரணுக்குப் போனது. எண்ணெய்த் தூக்கு அடுப்பங்கரையில் இருந்த இடத்திலேயே இருந்தது. 'சுகர்' என்ற பெயரிலேயே குற்றவாளி இருக்கும்போது எண்ணெயை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை. சாப்பிட்ட பிறகான சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. வெறும் வயிற்றில் 104, இன்சுலின் 17. ஹோமா 4.4. அத்தனை வைராக்கியத்துக்கும் இவ்வளவுதானா என்று எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலில்தான் மளிகைக் கடைச் சிட்டைகளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன்.

நாங்கள் நான்கு பேர். மாதம் 2 கிலோ சீனி வாங்கியிருக்கிறோம். தலைக்கு ஒரு நாளைக்குப் 17 கிராம், சுமார் 67 கலோரி. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 50 கிராமுக்குள் இருக்கட்டும், முடிந்தால் 25க்குள் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெளியில் குடித்த டீயையும் கல்யாண வீட்டு ஜாங்கிரியையும் சேர்த்தால்கூட நாங்கள் பெரிய சீனிக் குடும்பம் இல்லை. எண்ணெய்? மாதம் 5 லிட்டர், அத்தனையும் பாமாயில். ரேஷனில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர், மீதி கடையில். தலைக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், 340 கலோரி. சீனியைப் போல ஐந்து மடங்கு!

இதனால் சீனி நிரபராதி ஆகிவிடாது. அதில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸின் பெரும்பகுதியைக் கல்லீரல்தான் எதிர்கொள்கிறது. அளவு மீறினால் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. 2009இல் வெளியான கலிபோர்னியா ஆய்வு ஒன்றில், உடல் பருமன் உள்ளவர்களுக்குப் பத்து வாரம், தினசரிக் கலோரியில் கால் பங்கை இனிப்புப் பானமாகவே கொடுத்தார்கள். ஒரு சாராருக்கு குளுக்கோஸ், மறு சாராருக்கு ஃபிரக்டோஸ். எடை இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் ஏறியது. ஆனால் ஃபிரக்டோஸ் குடித்தவர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு கூடியது, இன்சுலினுக்கு உடல் இணங்குவது குறைந்தது. குளிர்பானப் பாட்டிலோடு சுற்றும் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் முதலில் அதைத்தான் நிறுத்த வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் பற்றிக் கேட்பவர்களுக்கு: முதல் இரண்டிலும் பெரும்பங்கு அதே சீனிச்சத்துதான், தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தனித்தனியாக இருக்கின்றன. ருசிக்குச் சாப்பிடலாம், மருந்தென்று சாப்பிட வேண்டாம்.

இனி எண்ணெய். இங்கேதான் குளுக்கோமீட்டர் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கருப்பட்டிக் காபி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து விரலைக் குத்தினேன்: 148. அடுத்த ஞாயிறு அதே நேரத்தில், பாமாயிலில் பொரித்த மூன்று உளுந்து வடை: 121. இதை மட்டும் பார்த்தால் காபி திருடன், வடை உத்தமன். மீட்டர் இனிப்பைப் பற்றி மட்டும்தான் சாட்சி சொல்லும்; எண்ணெயைப் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்யும். எண்ணெயின் வேலை ஒரு மணி நேரத்தில் தெரிவதில்லை. வாரக்கணக்கில் கல்லீரலில் படிந்து, ஒரு நாள் காலையில் தெரிகிறது.

ஏன் காலையில்? இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தவனுக்கு, பத்து மணி நேரம் எதுவும் தின்னாமல் 108 எங்கிருந்து வந்தது? கல்லீரல் தயாரித்து அனுப்பியது. பட்டினி நேரத்தில் உடம்புக்கு குளுக்கோஸ் சப்ளை செய்வது அதன் பொறுப்பு. "போதும், நிறுத்து" என்று சொல்வது இன்சுலினின் பொறுப்பு. கொழுப்பு அடைத்த கல்லீரல் அந்தச் சொல்லுக்குச் செவி சாய்ப்பதில்லை. கணையம் இன்னும் உரக்கக் கத்துகிறது. என் தாளில் இருந்த 18 அந்தக் கத்தல்தான். ஆகவே இன்சுலின் எதிர்ப்பைப் பொறுத்தவரை நான் கேட்க வேண்டிய கேள்வி, எது மீட்டரை ஏற்றுகிறது என்பதைவிட, எது கல்லீரலை நிரப்புகிறது என்பது.

இந்தக் கேள்வியை நேராகவே கேட்ட பின்லாந்து ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. எடை கூடிய 38 பேருக்கு மூன்று வாரம், தினமும் 1,000 கலோரி கூடுதல் உணவு. ஒரு குழுவுக்குத் தேங்காய் எண்ணெய், வெண்ணெய், பாலாடைக்கட்டி போன்ற நிறைவுற்ற கொழுப்பு. இன்னொன்றுக்கு ஆலிவ் எண்ணெய், கொட்டைகள் போன்ற நிறைவுறாக் கொழுப்பு. மூன்றாவதற்குப் பழச்சாறு, இனிப்புப் பானம், மிட்டாய். கல்லீரல் கொழுப்பு முதல் குழுவுக்கு 55 சதவீதம் கூடியது, இனிப்புக் குழுவுக்கு 33, நிறைவுறாக் கொழுப்புக் குழுவுக்கு 15. இன்சுலின் எதிர்ப்பைத் தூண்டியதும் முதல் வகைதான். தினமும் 1,000 கலோரி கூடுதலாக யாரும் வீட்டில் தின்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடுதல் கலோரி ஒரே அளவாக இருந்தும் எண்ணெய்க்கு எண்ணெய் இத்தனை வித்தியாசம் என்பது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. ஃபிரக்டோஸிலிருந்து கல்லீரல் தானே தயாரிக்கும் கொழுப்பில் முக்கியமானது பால்மிட்டிக் அமிலம். பாமாயிலில் ஐந்தில் இரண்டு பங்கு அதே அமிலம். பெயரே பனை இனத்திலிருந்து வந்ததுதான். சீனி தின்றால் கல்லீரல் சிரமப்பட்டுச் செய்வதை, பாமாயில் தின்றால் தயாராகவே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

நிறைவுற்ற கொழுப்பு தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம், நெய்யில் 60க்கு மேல், பாமாயிலில் 40 முதல் 45, கடலை எண்ணெயில் 18 வாக்கில், நல்லெண்ணெயில் 15, சூரியகாந்தியில் 11. வனஸ்பதியைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. நாங்கள் தேர்ந்தெடுத்தது தாளிக்கவும் பொரிக்கவும் கடலை எண்ணெய், தோசைக்கும் இட்லிப் பொடிக்கும் நல்லெண்ணெய். சூரியகாந்தி கணக்குப்படி இன்னும் நல்லது. அதில் குழம்பு தாளித்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிப்பதில்லை, அவ்வளவுதான் காரணம்.

செக்குக் கடலை எண்ணெயின் விலை முதல் மாதமே எங்களைத் திருத்தியது. ஊற்றிய கை நடுங்கியது. 5 லிட்டர் 3 லிட்டர் ஆனது. எனக்கு ஒரு நாளைக்கு 16 கிராம் வந்துகொண்டிருந்த நிறைவுற்ற கொழுப்பு, சமையல் எண்ணெய்க் கணக்கில் மட்டும் 4 கிராமாகக் குறைந்தது. அளவைக் குறைத்ததும் சும்மா இல்லை. 2001இல் 162 பேரை மூன்று மாதம் கவனித்த ஐந்து நாட்டு ஆய்வில், நிறைவுற்ற கொழுப்பு தின்றவர்களுக்கு இன்சுலினுக்கு இணங்கும் தன்மை 10 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு அப்படியே இருந்தது. ஆனால் மொத்தக் கலோரியில் 37 சதவீதத்துக்கு மேல் கொழுப்பாகவே தின்றவர்களிடம் இந்த வித்தியாசம் காணாமல் போயிற்று. நல்ல எண்ணெய் என்று அள்ளி ஊற்றினால் பலன் இல்லை.

அடுத்த ஆறு மாதத்தில் வெறும் வயிற்றில் 101, இன்சுலின் 12, ஹோமா 3.0. இடுப்பு 91. இடையில் மூன்று கிலோ எடையும் இறங்கியது. இதில் எண்ணெயின் வகைக்கு எவ்வளவு பங்கு, அளவுக்கு எவ்வளவு, எடைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. முதல் மூன்று மாதச் சீனி விரதத்தின் பலன் தாமதமாக வந்து சேர்ந்திருக்கவும் கூடும். 102 உணவுச் சோதனைகளைத் தொகுத்து 2016இல் வெளியான அலசலும், நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் நிறைவுறாக் கொழுப்பு வந்தால் இன்சுலின் எதிர்ப்பு குறைவதாகத்தான் காட்டுகிறது. ஆனால் அதில் தெரியும் மாற்றம் சிறியது, 4.4ஐ 3.0 ஆக்கும் அளவுக்கு எண்ணெய் மட்டும் செய்திருக்காது.

மாவுச்சத்தைத் தவிர்த்துக் கொழுப்பைக் கூட்டித் தின்னும் பேலியோ நண்பர்கள் இந்த இடத்தில் சண்டைக்கு வருவார்கள். நெய்யும் வெண்ணெயும் தின்று சர்க்கரையைக் குறைத்தவர்கள் என் அலுவலகத்திலேயே இருவர் இருக்கிறார்கள். சோறும் இட்லியும் அறவே இல்லாமல் பத்துக் கிலோ இளைத்தவரின் கல்லீரலிலும் கொழுப்பு கரையத்தான் செய்யும். நான் அந்த வழியில் போனதில்லை, அதனால் தீர்ப்பு சொல்லவில்லை. மூன்று வேளையும் அரிசி தின்றுகொண்டே மேலே நெய் ஊற்றுவது பேலியோ இல்லை என்பது மட்டும் தெரியும். மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். தேங்காய் எண்ணெயிலேயே சமைக்கும் நாகர்கோவில் பக்கத்து வீடுகளைப் பற்றியும் எனக்குச் சொந்த அனுபவம் கிடையாது. மேலே சொன்ன பின்லாந்துக் கணக்கு மட்டுமே கையில் இருக்கிறது.

ரேஷன் பாமாயிலை இப்போது வாங்குவதில்லை என்று எழுத ஆசைதான். வாங்குகிறோம். தீபாவளிக்கு முந்தின வாரம் முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டே, "என்னங்க, இதுக்கும் செக்கெண்ணெய்தானா?" என்று மனைவி கேட்டபோது, வாணலியின் ஆழத்தையும் தூக்கில் மிச்சமிருந்த எண்ணெயையும் பார்த்தேன். பரணில் ஏறி, சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த பாமாயில் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு நான்கு முறுக்கு.