புதுச்சேரியில் ‘பங்கேற்புக் கட்டணம்’ வாங்கும் ஓவியக் கண்காட்சிகள்: மூன்று படம் கொடுத்து இரண்டை மட்டும் மீட்ட அனுபவம்

கடலூரில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். முதுநகர் துறைமுகமும் அங்கே வரிசையாக நிற்கும் விசைப்படகுகளும்தான் நான் திரும்பத் திரும்ப வரைவது. வருடத்துக்கு ஏழெட்டுப் படம் முடிப்பேன். எப்போதாவது ஒன்று விற்கும். போன வருடம் புதுச்சேரியில் நடந்த ஒரு குழுக் கண்காட்சியில் ஏமாந்தேன். வழக்கு நடப்பதால் அமைப்பாளரின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் வேலை செய்யும் விதத்தை முழுசாகச் சொல்கிறேன். படித்தாலே அடையாளம் தெரிந்துவிடும்.

செப்டம்பர் கடைசியில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ‘வாழ்த்துகள் மேடம், தேசிய அளவிலான கண்காட்சிக்கு உங்கள் படைப்புகளை நடுவர் குழு தேர்வு செய்துள்ளது.’ நான் எதற்கும் விண்ணப்பிக்கவே இல்லை. இன்ஸ்டாகிராமில் பார்த்தோம் என்றார்கள். டிசம்பரில் வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள், ஒயிட் டவுனில் பிரெஞ்சுக் காலத்து வீடு ஒன்றில் கேலரி, ஒருவருக்கு மூன்று படம், பங்கேற்புக் கட்டணம் 6,500 ரூபாய். பிரான்சிலிருந்து படம் சேகரிப்பவர்கள் வருவார்கள் என்றும் சொன்னார்கள். போனில் பேசியவர் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினார். “மேடம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பீச் ரோட்டுல வண்டி கிடையாது. எல்லாரும் நடந்துதான் போவாங்க. அந்தக் கூட்டம் அப்படியே நம்ம கேலரிக்குள்ள வரும்.” கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டியை நிறுத்திவிடுவது உண்மைதான். கூட்டம் நடப்பதும் உண்மை. பொய்யை எப்போதும் ஒரு உண்மையோடு சேர்த்தே சொன்னார்கள்.

பணம் கட்டிய பிறகு ஒவ்வொன்றாக முளைத்தது. படம் மாட்டக் கூலி 500. கேட்டலாக் அச்சிட 800. கேட்டலாக் இன்றுவரை கைக்கு வரவில்லை.

மூன்று படத்தையும் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனேன். பெரியது மூன்றடிக்கு நான்கடி, எண்ணெய் வண்ணம், முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை. அதற்கு மட்டும் ஐந்து மாதம் ஆயிற்று. போய் இறங்கினால், ‘கேலரி’ என்பது ஒரு விடுதியின் நடைபாதையும் முற்றமும். கடற்கரைச் சாலையிலிருந்து மூன்று தெரு உள்ளே, சந்தின் கடைசியில். சுவரில் ஆணி அடிக்க விடுதிக்காரர் சம்மதிக்கவில்லையாம். ஜன்னல் கம்பிகளில் சணல் கயிற்றைக் கட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். படத்துக்கென்று ஒரு விளக்குகூட இல்லை. உப்புக்காற்று அடிக்க அடிக்க கேன்வாஸ் சட்டங்கள் கம்பியில் மோதிக்கொண்டே இருந்தன. என் படத்தைக் கையால் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். பிறகு வாட்ச்மேன் அண்ணன் பழைய செய்தித்தாளை நான்காக மடித்துக்கொண்டு வந்து சட்டத்துக்கும் கம்பிக்கும் நடுவே செருகிக் கொடுத்தார்.

திறப்பு விழா மட்டும் குறையில்லாமல் நடந்தது. குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, ஒவ்வொருவருக்கும் சான்றிதழ், ஒவ்வொருவரோடும் புகைப்படம். நாற்பத்திரண்டு பேர் வரிசையில் நின்றோம். 6,500 வீதம் கணக்குப் போட்டுப் பாருங்கள், 2,73,000 ரூபாய். படம் மாட்டும் கூலியும் கேட்டலாக்கும் தனி. என் சான்றிதழில் ஊர் பெயர் ‘கூடலூர்’ என்றிருந்தது.

முதல் நாளே ஏழெட்டுப் படங்களில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. பொட்டு இருந்தால் விற்றுவிட்டது என்று அர்த்தம். எனக்குப் பக்கத்தில் படம் வைத்திருந்த பெரியவருடைய நீர்வண்ணத்திலும் ஒன்று. “யார் சார் வாங்கினாங்க?” என்று கேட்டேன். “அதான்மா எனக்கும் தெரியல. காலையில வந்து பார்த்தா ஒட்டியிருக்கு” என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் படத்தை அவரே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாளில் உள்ளே வந்தவர்கள் பெரும்பாலும் எங்கள் வீட்டு ஆட்களும், அறைக்குப் போகும் விடுதி விருந்தாளிகளும்தான். பிரான்சிலிருந்து யாரும் வரவில்லை.

இவர்கள் வியாபாரத்தை நான் புரிந்துகொண்டது அங்கேதான், தாமதமாக. ஒழுங்கான கேலரிக்குப் படம் விற்றால்தான் காசு. அதனால் வாங்குபவரைத் தேடும், விளக்குப் போடும், சுவரைச் சரிசெய்யும். இங்கே படம் உள்ளே வருவதற்கு முன்பே காசு வந்துவிட்டது, அதுவும் ஓவியரின் பையிலிருந்து. அதற்குப் பிறகு படம் விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன? அவர்கள் செலவழித்ததெல்லாம் புகைப்படத்துக்கு, அடுத்த ஓவியர் கூட்டத்துக்கு அனுப்ப.

கட்டணம் வாங்குவதே தவறு என்று சொல்லவில்லை. வாடகைக்கு அரங்கம் எடுத்துக் கண்காட்சி வைப்பது எங்கள் துறையில் சாதாரணம். வாடகை இவ்வளவு, நாள் இத்தனை, விற்பனை உன் பொறுப்பு என்று முதலிலேயே பேசிக்கொண்டால் அதில் வஞ்சகம் இல்லை. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடும் சக ஓவியர்களோடும் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத் தங்கள் ஓவியத்துக்குத் தாங்களே படியளந்துகொண்டார்கள். அதே கடற்கரையோரம்தான் நாமும் இருக்கிறோம். ஓவியர்கள் கூடித் தங்கள் காசில் தங்கள் இடத்தை நடத்துவது ஒன்று. எங்கள் காசை வாங்கி எங்களுக்கே மாலை போட்டு அனுப்புவது வேறு. புதுச்சேரியிலேயே துய்மா வீதியில், அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையத்தின் கொலோம்பானி இல்லத்தில் நடந்த கண்காட்சிகளுக்குப் போயிருக்கிறேன். ஆரோவில் பாரத் நிவாஸ் வளாகத்தில் இருக்கும் கலா கேந்திரா என்ற கலைக்கூடத்துக்கும் போயிருக்கிறேன். சுவர் என்றால் என்ன, வெளிச்சம் என்றால் என்ன என்று அங்கே போய் நின்று பார்த்தால் தெரியும்.

சரி, இதுவரை போனது பணம். நான் செய்த பெரிய தவறு ஞாயிறு இரவு நடந்தது.

“மேடம், ஜனவரி பிப்ரவரிதான் இங்க ஃபாரினர்ஸ் சீசன். படத்தை மூணு மாசம் விட்டுட்டுப் போங்க. வித்தா நாப்பது பர்சன்ட் எங்களுக்கு, மிச்சம் உங்களுக்கு” என்றார் அமைப்பாளர். குட்டியானைக்கு இன்னொரு முறை வாடகை தரவேண்டுமே என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. விட்டுவிட்டு வந்தேன். ரசீது கேட்டதற்கு, “வாட்ஸ்அப்லதான் எல்லாம் இருக்கே மேடம்” என்றார். வாட்ஸ்அப்பில் இருந்தது விழாப் படங்கள்தான். எந்தப் படம், என்ன அளவு, என்ன விலை, என்றைக்குத் திருப்பித் தரவேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

பிப்ரவரியில் போன் எடுத்தார். மார்ச்சில் எடுக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் என் பழைய மாணவி ஒருத்தி ஒரு படம் அனுப்பினாள். அந்த விடுதியில் தங்கிய யாரோ தங்கள் அறையைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். கட்டிலுக்கு மேலே என் படகு. “டீச்சர், இது உங்களோடதுதானே?” என்று கேட்டிருந்தாள்.

மறுநாளே தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அமைப்பாளர் அங்கே இல்லை. அதே வாட்ச்மேன் அண்ணன்தான், “டீச்சர், உங்க படம் பின்னாடி ரூம்ல கிடக்கு, வாங்க” என்று அழைத்துப் போனார். குளியலறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத, துவைக்கிற பெட்ஷீட்டைப் போட்டுவைக்கிற அறை. அங்கே பதினைந்து இருபது படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. என் பெரிய படத்தை பபிள் ராப்பால் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள், குமிழிப் பக்கம் வண்ணத்தின் மேல் படும்படி. பிரித்தபோது சரசரவென்று ஒட்டிக்கொண்டே வந்தது. விடியற்கால வானம் முழுக்க வட்டம் வட்டமாகத் தழும்பு, மீன் செதில் மாதிரி. கீழ் ஓரத்தில் சட்டத்தை ஒட்டிச் சாம்பல் நிறப் பூஞ்சை. எண்ணெய் வண்ணம் மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே காய மாதக்கணக்காகும். அந்த ஈரக்காற்றில், காற்றோட்டமே இல்லாத அறையில், பிளாஸ்டிக்கை இறுக்கிச் சுற்றினால் இதுதான் நடக்கும். இடையில் ஒரு பட்டர் பேப்பர் வைத்துக் குமிழியை வெளிப்பக்கம் திருப்பிச் சுற்றியிருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது. கேலரி நடத்துகிறேன் என்பவருக்கு இதுகூடத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அக்கறை இல்லை.

அறையில் தொங்கிய படகுப் படம் பற்றி அமைப்பாளரிடம் போனில் கேட்டேன். அது 18,000 ரூபாய் விலை போட்ட படம். “ஹோட்டல்காரர் 4,000-க்கு எடுத்துக்கிட்டாரு மேடம். கமிஷன் போக 2,400 வரும், ஜிபே பண்ணிடறேன்” என்றார். என்னைக் கேட்காமல் யார் விலையைக் குறைத்தது? அந்த 2,400-ஐ நான் வாங்கவில்லை. நீங்களும் இப்படி நிலைமை வந்தால் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் அந்த விலைக்கு ஒப்புக்கொண்டதாகப் பேசுவார்கள். கண்காட்சிக்காக விடுதிக்குத் தரவேண்டிய வாடகையில் இதைக் கழித்துக்கொண்டார்கள் என்பது என் ஊகம். ரிசப்ஷன் மேசையில் அதே படகு அஞ்சல் அட்டையாகவும் இருந்தது, ஒன்று 60 ரூபாய். படத்தை வாங்கியவருக்குப் படம்தான் சொந்தம். அதை அச்சடித்து விற்கும் உரிமை, எழுத்தில் கொடுத்தால் ஒழிய, வரைந்தவரிடமே இருக்கிறது. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அட்டைகளில் இரண்டைக் காசு கொடுத்து வாங்கி, பில்லும் போடச் சொல்லி வைத்துக்கொண்டேன். இன்று என் கையில் இருக்கும் நல்ல சாட்சி அந்த பில்தான்.

இரண்டு படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மூன்றாவதை அவர்கள் தரவில்லை.

அங்கிருந்தே அரியாங்குப்பம் பக்கம் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் போன் செய்தேன். ஓவியம் படித்துக்கொண்டிருக்கிறாள், எங்களோடு அதே வரிசையில் நின்றவள். அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடனில்தான் அந்த 6,500-ஐக் கட்டியிருந்தாள். அவள் படமும் அந்த அறையில் கிடந்தது. சேர்ந்து புகார் கொடுக்கலாம் என்றேன். “வேணாம் மேம், பேர் கெட்டுப்போச்சுன்னா அடுத்து யாரும் கூப்பிட மாட்டாங்க” என்றாள். அந்தப் பயம்தான் இவர்களுக்கு முதலீடு. அவளை நான் குறை சொல்லமாட்டேன். அவளுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

போலீஸில் மனு கொடுத்து ரசீது வாங்கினேன். அங்கே, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்தேன், அமைப்பாளர் பதில் தரவில்லை. அப்புறம்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். தெரியாதவர்களுக்காக இரண்டு விஷயம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஏமாற்றியவர் இருக்கும் ஊரில்தான் வழக்குப் போடவேண்டும் என்றில்லை, நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். நான் கடலூரில்தான் போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் தாக்கல் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். வக்கீல் இல்லாமல் நானே எழுதிக் கொடுத்தேன். கட்டண ரசீது, படங்களைக் கொடுத்த அன்று எடுத்த போட்டோ, விடுதி அறைப் படம், அஞ்சல் அட்டை பில் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். ஒரு வாய்தா முடிந்திருக்கிறது.

துறைமுகப் படத்தை வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். பூஞ்சையைத் துடைத்துவிட்டேன். தழும்பு போகவில்லை. வானத்தை முழுக்கச் சுரண்டித் திரும்ப வரையலாம் என்று சென்னையில் இருக்கும் நண்பர் சொன்னார். தீர்ப்பு வரும்வரை தொடமாட்டேன்.

இந்த வாரம் அதே செய்தி மறுபடி சுற்றுகிறது. அமைப்பின் பெயர் வேறு, ‘வாழ்த்துகள், நடுவர் குழு’ அதேதான். கட்டணம் 7,500 ஆகியிருக்கிறது. விளம்பரத்தில் இருக்கும் புகைப்படத்தில் இடது ஓரம், ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றில் தொங்குவது என் துறைமுகம், தழும்பு விழுவதற்கு முன்னால் எடுத்தது. பணம் கட்டிவிட்டவர்கள் படத்தை வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஒரு தாளில் படத்தின் தலைப்பு, அளவு, விலை, குறைந்தபட்ச விலை, கமிஷன், திருப்பித் தரும் தேதி, சேதமானால் யார் பொறுப்பு என்று எழுதி அவர்களிடம் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் மூன்றாம் நாள் சாயங்காலமே படத்தைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், வண்டி வாடகை எவ்வளவு ஆனாலும் சரி.